முட்டைக்குள் ஐம்பத்தேழு வீடுகள்

காலை ஆறு பத்துக்கு உசனாரின் பாண் வண்டி தென்னந்தோட்டத்துக்குள் போனது. போகும்போது முச்சக்கர வண்டியின் பின்னால் இருந்த கண்ணாடிப் பெட்டியின் நான்கு தட்டிலும் பாணும் பணிசுமாகப் பேக்கரி ரொட்டி நிறைந்திருந்தது. ஏழே முக்காலுக்கு வெளியே வந்தபோது பெட்டியில் இரண்டு பணிசும் கொஞ்சம் எறும்பும் மட்டும் இருந்தன. மூன்று நாள் தொடர்ந்து இதே கதை. லோஜினியின் கையிலிருந்த வரைபடத்தின்படி அந்தத் தோட்டத்துக்குள் ஒரு மனிதரும் இல்லை.

தென்னை மரம் பாண் சாப்பிடாது என்பது வரை அவளுக்கு உறுதியாகத் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் விளங்கவில்லை.

உசனாரை நிறுத்திக் கேட்டிருக்கலாம். ஆனால் வாகனம் எண்ணும் வேலைக்கு ஒரு விதி உண்டு: எண்ணுகிறவர் எந்த வாகனத்தையும் நிறுத்தக்கூடாது. ஒன்றை நிறுத்தினால் பின்னால் வருவது வேகத்தைக் குறைக்கும், அதற்கும் பின்னால் வருவது விலத்திக்கொண்டு போகும். பிறகு நீங்கள் எண்ணிக்கொண்டிருப்பது வீதியை அல்ல, நீங்களே உண்டாக்கிய நெரிசலை. ஆகவே ஆலங்குடாப் பக்கம் பிரியும் சந்தியில் வேலியோரமாக ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டுக்கொண்டு, காலை ஐந்து தொடக்கம் மாலை ஏழு வரை லோஜினி கோடு கிழித்தாள். நாலு கோடு நிமிர்ந்தபடி, ஐந்தாவது குறுக்காக.

எண்ணுவது என்றால் வெறும் எண்ணிக்கை அல்ல. வீதிக்கு எல்லா வாகனமும் ஒரே பாரம் இல்லை. ஒரு கார் என்றால் ஒன்று. லொறி இரண்டரை, ஏனென்றால் அது இடத்தையும் அடைக்கும், நின்றால் மறுபடி கிளம்பவும் நேரம் எடுக்கும். மோட்டார் சைக்கிள் அரை. மாட்டு வண்டி நான்கு. கழுதைக்கு அட்டவணையில் இடம் இல்லை. அட்டவணை எழுதியவர் கற்பிட்டி வீதியைக் கண்டதில்லை என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை. நடுவீதியில் நின்று யோசிக்கும் ஒரு கழுதை, எந்த லொறியையும் விடக் கூடுதலான வீதியைச் சாப்பிடும்.

இத்தனையும் எதற்கென்றால், கற்பிட்டித் தீபகற்பத்தின் கடற்கரையில் ஒரு கார்ப் பந்தயத் திடல் வரப்போகிறது. போர் முடிந்து நாலு வருடம். அந்த நாலு வருடத்தில் அந்தக் கரைக்கு வராத அபிவிருத்தி இல்லை. வரைபடத்தில் எல்லாமே வந்து சேர்ந்துவிட்டன. பந்தயத் திடலைக் கொண்டுவந்தது ‘வெண்மணல் வேகத்திடல்’ என்ற கொழும்புக் கம்பனி. ஓடுபாதை மூன்று புள்ளி மூன்று கிலோமீற்றர் நீளம். வடிவம் முட்டை. அந்த முட்டை கம்பனியின் இலச்சினையாகி, நாலாயிரம் ரீசேட்டின் நெஞ்சில் ஏறி, பாலாவிச் சந்தியில் ஒரு பெரிய பதாகையில் பொன்னிறமாக மின்னியது. நிலத்தில் மட்டும் இன்னும் ஒரு கல்லும் வைக்கப்படவில்லை. அபிவிருத்தியில் அது கடைசியாகச் செய்யும் வேலை.

உடப்புக்காரியான லோஜினி இந்த விஷயத்துக்குள் வந்தது போக்குவரத்துத் திட்டம் எழுதுவதற்கு. பந்தயத்தைப் பார்க்க பன்னிரண்டாயிரம் பேர் வருவார்கள் என்று கம்பனி சொன்னது. வாகனத்துக்கு நாலு பேர் என்றால் மூவாயிரம் வாகனம். கற்பிட்டிக்கு இருப்பது ஒரே ஒரு வீதி. அந்த வீதியின் ஒரு பக்கம் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறக்குறையத் தொள்ளாயிரம் வாகனத்தை விடும். போத்தலைக் கவிழ்த்தால் தண்ணீர் எவ்வளவு வேகமாக வரும் என்பதைப் போத்தலின் வயிறு தீர்மானிப்பதில்லை, கழுத்துத்தான் தீர்மானிக்கும். ஆக, கடைசிக் கார் வெளியே வர மூன்று மணித்தியாலமும் இருபது நிமிடமும் ஆகும். அந்த நேரத்தில் முதல் கார்க்காரர் கொழும்பு போய்ச் சேர்ந்து கோப்பை கழுவி வைத்திருப்பார்.

இதற்கும் அவள் ஒரு நல்ல வழி கண்டிருந்தாள். வருகிறவர்கள் காலையில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக வருவார்கள். போகிறவர்கள் எல்லாரும் ஒரே நிமிடத்தில் எழும்புவார்கள். இடப்பக்கம் ஓட்டுகிற நாட்டில் இடப்பக்கம் திரும்புவது இலகு. வலப்பக்கம் திரும்புவதென்றால் எதிரே வருவதைக் குறுக்கறுக்க வேண்டும். ஆகவே கஷ்டமான திருப்பத்தை வருகைக்குக் கொடுத்து, இலகுவான திருப்பத்தைப் போகைக்கு வைத்துவிட வேண்டும். வாகனத் தரிப்பிடத்தை வீதியின் களப்புப் பக்கத்தில், அதாவது கடலுக்கு எதிர்ப் பக்கத்தில், வைத்தால் அது தானாகவே நடந்துவிடும். காலையில் வலப்பக்கம் உள்ளே, மாலையில் இடப்பக்கம் வெளியே. இதைக் கண்டுபிடித்த நாளில் அவள் தனியாகச் சிரித்துக்கொண்டாள். இருபத்தெட்டுப் பக்கத் திட்டத்தில் எல்லாம் பொருந்தியது. பாண் மட்டும் பொருந்தவில்லை.

எண்ணி முடித்த மறுநாள் திங்கட்கிழமை. இனி வாகனத்தை நிறுத்தலாம். ஆறு பத்துக்கு அவள் கையை நீட்டினாள்.

“நானா, உள்ளுக்கு யாருக்குப் பாண் குடுக்கிறீங்க?”

“ஆக்களுக்குத்தான், மிஸ்.”

“உள்ளுக்கு ஆக்கள் இல்லையே.”

உசனார் அவளையும் அவள் கையிலிருந்த வரைபடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். வண்டியின் பாட்டுப்பெட்டியை நிறுத்தினார். “அப்ப ஏறுங்க. இல்லாத ஆக்களக் காட்டுறன்.”

மண்பாதையில் எழுநூறு மீற்றர் போனதும் தென்னைகளுக்கு நடுவே பூவரசங்குடா இருந்தது. ஐம்பத்தேழு வீடு, ஒரு பள்ளிவாசல், இரண்டு கிணறு, ஒரு கடை. உசனாரின் வண்டியைக் கண்டதும் இல்லாத ஆக்கள் நாற்பது பேர் பையோடு வந்து வரிசையில் நின்றார்கள். பணிஸ் நேற்றையது என்று ஒருவர் குற்றம் சொன்னார். இல்லாத ஒருவருக்கு அது கொஞ்சம் கூடுதலான உரிமைதான்.

வரைபடம் எப்படிப் பிழையானது என்பது லோஜினிக்குப் படிப்படியாக விளங்கியது. கம்பனிக்கு நில அளவை செய்தவர்கள் முதலில் வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்தார்கள். தென்னந்தோட்டத்தை மேலே இருந்து பார்த்தால் ஓலைதான் தெரியும். ஓலைக்குக் கீழே கிடுகுக் கூரை இருந்தால் அதுவும் ஓலைதான். ஓடு போட்ட வீடுகளும் பள்ளிவாசலின் குவிமாடமும் படத்தில் தெரிந்தன. ஆனால் அவற்றை விலக்க விதி ஒன்று தயாராக இருந்தது. படிவத்தில் ‘நிரந்தரக் கட்டடங்களை மட்டும் குறிக்குக’ என்று போட்டிருந்தது. பூவரசங்குடாவின் கோப்பில் அந்த ஊரின் பெயர் ‘தற்காலிக முகாம்’. போரில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம்கள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறாம் ஆண்டு தோணியில் வந்து இறங்கியபோது யாரோ ஒருவர் அவசரத்தில் எழுதிய சொல் அது. இருபத்துமூன்று வருடமாக ஒருவரும் அதை வெட்டவில்லை. தற்காலிகமாக அங்கே பிறந்தவர்களுக்கு இப்போது தற்காலிகமாகப் பிள்ளைகளும் இருந்தார்கள். அளவைக்காரர் விதியைச் சரியாகக் கடைப்பிடித்து ‘நிரந்தரக் கட்டடம்: பூச்சியம்’ என்று எழுதிவிட்டுப் போனார்.

பிறகு கம்பனி அந்தப் பூச்சியத்தைச் சுற்றி அழகாக ஒரு முட்டையை வரைந்தது.

கடையை நடத்துகிறவர் சபூரா. நாற்பத்தைந்து வயது. கடைக்குப் பின்னால் சீமெந்துக் கல்லில் அவர் கட்டிய வீடு. பத்து வருடமாக வரிசை வரிசையாக எழும்பிய சுவருக்குப் போன மாசம்தான் ஓடு ஏறியிருந்தது. லோஜினி வரைபடத்தை விரித்துக் காட்டியதும் அவர் விரலை முட்டையின் கோட்டில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினார்.

“இதென்ன, மதிலா?”

“ஓடுபாதை, ராத்தா. கார் ஓடுறது.”

“நாங்க எங்க இருக்கம்?”

லோஜினி நடுவில் ஒரு புள்ளி வைத்தாள்.

“அப்ப நாங்க எந்தப் பக்கத்தால வெளிய போற?”

அதுதான் கேள்வி. மூடிய கோடு ஒன்று வரைந்தால் உலகம் இரண்டாகப் பிரியும், உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. உள்ளே இருப்பவர் எந்தத் திசையில், எவ்வளவு வளைந்து நெளிந்து நடந்தாலும், வெளியே வருவதற்கு முன் அந்தக் கோட்டை ஒரு தடவையாவது குறுக்கறுத்தே ஆக வேண்டும். பந்தய நாளில் அந்தக் கோட்டில் இருபது கார் ஓடும். காலை ஐந்திலிருந்து மாலை ஏழு வரை தோட்டத்து மண்பாதையை மூட வேண்டும் என்று அவளே பதினாறாம் பக்கத்தில் எழுதியிருந்தாள்.

“மவுத் வந்தா?” என்றார் சபூரா. “அடக்கிற மையவாடி பெரிய ரோட்டுக்கு அங்கால இருக்கு. பந்தயம் முடியுமட்டும் மையித்தக் காத்திருக்கச் சொல்லவா?”

“வழி பாப்பம், ராத்தா.”

“பாருங்க மகள். ஒரு கேள்வி. என்ட வீடு நிரந்தரமா, தற்காலிகமா?”

“படிவத்தில தற்காலிகம்.”

“சரிதான். மன்னார் எருக்கலம்பிட்டியில நிரந்தரமா ஒன்டு இருந்திச்சு, ஒரு நாளில போச்சு. தற்காலிகம்தான் நின்டு பிடிச்சிருக்கு.”

அன்று பகல் லோஜினி தோமஸுக்குத் தொலைபேசி எடுத்தாள். சிலாபத்துக்காரரான தோமஸ் கம்பனியின் திட்ட முகாமையாளர். நல்ல மனிதர். எந்தப் பிரச்சினையையும் அது பிரச்சினை இல்லை என்று தோன்றும் வரை சிரித்துக்கொண்டே கேட்பார்.

“முட்டைக்குள்ள ஆக்களா? எத்தின பேர்?”

“இருநூற்றி எண்பது பேர், சேர்.”

“அடடே. அப்ப எங்களுக்குப் பாக்க வாற சனம் இருநூற்றி எண்பது கூடுது. அவங்களுக்கு இலவசம் எண்டு சொல்லுங்க. கொழும்புச் சனம் காசு குடுத்துப் பாக்கிறத இவங்க வாசல்ல இருந்து பாக்கலாம்.”

“பதினாலு மணித்தியாலம் வெளிய போகேலாது, சேர். பயிற்சி நாளோட சேத்து வருஷத்துக்கு இருபத்தெட்டு நாள்.”

தோமஸின் சிரிப்பு நிற்கவில்லை. “அப்ப இடம் மாத்துவம். தற்காலிகம்தானே, சிக்கல் ஒண்டும் இல்ல. மதுரங்குளிக்கு உள்ளால ஒரு காணி இருக்கு. வியாழக்கிழமை கூட்டத்தில ஏழாவது விஷயமாப் போடுறன். அதுக்கு முதல் நீங்க வேற வழி சொன்னா வெட்டுவம். சொல்லாட்டி சேர்மன் கையெழுத்து வைப்பார். சரிதானே, மிஸ்?”

ஒரு தடவை துரத்தப்பட்டவர்களை இன்னொரு தடவை நகர்த்துவதற்கு ஒரு வரி போதுமாக இருந்தது. லோஜினிக்கு மூன்று நாள் இருந்தது.

செவ்வாய்க்கிழமை நிலத்துக்குக் கீழே போகலாமா என்று பார்த்தாள். ஓடுபாதைக்குக் கீழே ஒரு சுரங்க வழி. உசனாரிடம் மண்வெட்டி வாங்கி இருவருமாகத் தோண்டினார்கள். ஐந்தடியில் ஈரம், ஏழடியில் தண்ணீர். மணல் தீபகற்பத்தில் மழைநீர் உப்புத் தண்ணீருக்கு மேலே ஒரு மெல்லிய தோசை மாதிரி மிதந்துகொண்டிருக்கும். ஊரின் கிணறுகள் அந்தத் தோசையைத்தான் கிள்ளிக் குடிக்கின்றன. சுரங்கத்தைக் காய வைக்க இரவும் பகலும் இறைத்தால் மேலே உள்ள நல்ல தண்ணீர் முதலில் போகும், பிறகு கீழே இருந்து உப்பு ஏறும். அதாவது ஊர் வெளியே போக வழி கிடைக்கும், ஊரில் இருக்கக் காரணம் இருக்காது.

“நல்ல கிணறு ஒன்டு வந்திருக்கு,” என்று உசனார் குழியை எட்டிப் பார்த்தார். “மூடாதீங்க மிஸ், கத்தரி நடலாம்.”

புதன் காலை மேலே போனாள். பாலம். பந்தயக் காருக்கு மேலே போதிய இடைவெளியும் பாலத்தின் தடிப்பும் சேர்த்து ஆறு மீற்றர் உயரம். ஒரு மீற்றர் ஏறுவதற்குப் பன்னிரண்டு மீற்றர் தூரம் வைத்தால்தான் பாரம் ஏற்றிய முச்சக்கர வண்டி பின்னால் உருளாமல் ஏறும். ஆகவே ஒவ்வொரு பக்கமும் எழுபத்திரண்டு மீற்றர் சாய்வு. ஊர்ப் பக்கத்துச் சாய்வை அவள் நிலத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டுப் பார்த்தாள். பாதை நெடுகிலும் வீடு என்பதால் கோடு ஒன்பது வீட்டுக்குள்ளால் போய் பள்ளிவாசலின் ஹவ்ளில், அந்தக் கைகால் கழுவும் தொட்டியில், முடிந்தது. மக்கள் வெளியே போவதற்கான பாலம் ஒன்பது குடும்பத்தை உடனடியாகவே வெளியே போக்கிவிடும். அந்த அளவில் அது மிகத் திறமையான பாலம்.

மிச்சம் இருந்தது இடைவெளி. காருக்கும் காருக்கும் நடுவே புகுந்து போவது. ஒரு சுற்றுக்குத் தொண்ணூறு விநாடி. தொடங்கும்போது இருபது காரும் கூட்டமாகப் போகும். நேரம் போகப் போகப் பாதை முழுக்கப் பரவிவிடும். பரவினால் தொண்ணூறை இருபதால் பிரிக்க நாலரை விநாடி. உசனாரின் வண்டி நின்ற இடத்திலிருந்து கிளம்பி பன்னிரண்டு மீற்றர் அகலத்தைக் கடக்க எவ்வளவு நேரம் என்று லோஜினி கடிகாரம் பிடித்துப் பார்த்தாள். ஆறு விநாடி.

“ஒன்டரை விநாடிதானே இடிக்குது,” என்றார் உசனார். “பாணக் குறைச்சு ஏத்தினா?”

“அந்த ஒன்டரை விநாடியில கார் அம்பது மீற்றர் வந்திடும், நானா.”

“அப்ப பாண முதல்ல எறிஞ்சிட்டு நான் பின்னால வாறன்.”

புதன் பின்னேரம் லோஜினி சபூராவின் கடை முற்றத்தில் உட்கார்ந்திருந்தாள். சபூரா பிளேன்டி ஊற்றிக் கொடுத்தார். குடித்து முடித்ததும் அவள் வெறும் கிளாசை மணலில் கவிழ்த்து வைத்தாள். சபூராவின் புருஷன் முத்தலிபு கரைவலைக்காரர். கடைச் சுவரோரம் பழைய வலைக் கயிறு சுருண்டு கிடந்தது. அதில் முப்பத்துமூன்று அடி அளந்து, முனையோடு முனையை முடிந்து, கிளாசைச் சுற்றி முட்டையாகப் போட்டாள். ஒரு அடி, நூறு மீற்றர். கிளாஸ், ஊர்.

“என்ன வித்த காட்டுறீங்க?” என்று சபூரா படியில் உட்கார்ந்தார்.

“கயித்த வெட்டக் கூடாது, ராத்தா. நீளம் குறைஞ்சா அனுமதிப் பத்திரம் கிடையாது. கிளாச இழுத்துக் கயித்துக்கு மேலாலயோ கீழாலயோ கொண்டு போகக் கூடாது. ஆனா கிளாஸ் வெளிய வரணும். மூணு நாளா இதுதான்.”

சபூரா எழும்பினார். வீதிப் பக்கத்து விளிம்பில் கயிற்றைப் பிடித்தார். தூக்கினார். கிளாசின் தலைக்கு மேலால் கொண்டுபோய் மற்றப் பக்கம், கடற்பக்க விளிம்புக்கு ஒரு அடி இப்பால், மெதுவாகப் போட்டார். மீதிக் கயிறு இரண்டு முனையையும் கொஞ்சம் நீட்டிவிட்டது. முட்டை தலைப்பிறை மாதிரி வளைந்து கிடந்தது. கிளாஸ் அதன் வாயில், வெளியே இருந்தது.

“அது ஏலாது, ராத்தா. கயித்தத் தூக்கக் கூடாது.”

“நீங்க சொல்லேல்ல. கிளாசத்தான் தொடக் கூடாதென்டீங்க.”

“கயிறு ஓடுபாதை. ரோட்ட எப்பிடித் தூக்கிற?”

“தார் ஊத்தினாப் பிறகு தூக்கேலாதுதான். இப்ப எங்க கிடக்கு?”

“கடுதாசியில.”

“கடுதாசியில கிடக்கிறதத் தூக்க என்ன பயம்? எங்களத் தூக்கிறதுக்கு ஒருத்தரும் பயப்படல்லையே.”

லோஜினி கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொழிலில் படிந்துவிட்ட ஒரு பழக்கம் அவளுக்குத் தெரியாமலே அவளையும் பிடித்திருந்தது. கம்பனி பென்சிலால் போட்ட கோடு அசையாதது; மனிதர், கிணறு, மையவாடி எல்லாம் அசையக்கூடியவை. அந்த ஒழுங்கில் நின்றுகொண்டு மூன்று நாளாக நிலத்தைத் தோண்டியும் வானத்தில் ஏறியும் அவள் வழி தேடியிருக்கிறாள். வீதி என்பது தூக்கக்கூடியதாக இருப்பது அதன் வாழ்நாளில் ஒரே ஒரு பருவத்தில்தான், அது கோடாக இருக்கும்போது. அந்தப் பருவம் நாளைக்கு முடிகிறது.

அவள் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு ஓடினாள். பள்ளிவாசலின் பின்மதிலிலிருந்து முட்டையின் கடற்பக்கக் கோடு வரை இருநூற்றிருபத்தைந்து மீற்றர். இரண்டு ஓட்டத்துக்கும் நடுவே தொண்ணூறு விட்டால், மதிலுக்கு நூற்றிமுப்பத்தைந்து மீற்றர் மிச்சம். இடம் கம்பனியின் இடம்தான். மண்ணும் ஒரே மண். திரும்பி வந்தபோது சபூரா கிளாசைக் கழுவி வைத்துவிட்டார்.

“சத்தம் கேக்குமா, மகள்?”

“கேக்கும், ராத்தா. அதுக்கு வழி இல்ல.”

“சத்தத்துக்குக் காதப் பொத்தலாம்.”

வழி கிடைத்துவிட்டது. ஆனால் ஒரு வழி சரியாக இருப்பதற்கும் ஒரு கூட்டத்தில் அது சரியாக இருப்பதற்கும் நடுவே நாலாயிரம் ரீசேட் நின்றது.

வியாழக்கிழமை கூட்டம் கம்பனியின் கொழும்புக் கந்தோரில். மேசை நடுவில் ரெஜிபோமில், அந்த வெள்ளைத் தக்கையில், செய்த முட்டை. அதைச் சுற்றிச் சின்னச் சின்னக் கார்கள். உள்ளே பச்சைத் தூள் தூவி, பூச்சியத்தை அழகாகச் செய்திருந்தார்கள். சேர்மன் நேரத்துக்கு வந்தார், நேரத்தோடு போக வேண்டும் என்றும் சொன்னார்.

லோஜினி மூன்று நாளைக்கு முன் என்றால் இருநூற்றி எண்பது பேரைப் பற்றிப் பேசியிருப்பாள். அந்த மேசையில் இல்லாதவர்களைப் பற்றி அந்த மேசையில் பேசுவது பயனில்லை என்று இந்த மூன்று நாளில் படித்திருந்தாள். அவள் கதிரைகளைப் பற்றிப் பேசினாள்.

“சேர், முட்டையில பாக்கிறவருக்கு ஒரு கார் ஒரு சுற்றுக்கு ஒருதரம்தான் முன்னால வரும். நாலு விநாடி தெரியும். மிச்சம் எண்பத்தாறு விநாடி அவர் சும்மா இருக்கிறார். மற்றப் பக்கம் முந்நூற்றைம்பது மீற்றருக்கு அங்கால, மரத்துக்குப் பின்னால.” புதிய வரைபடத்தை விரித்தாள். “வீதிப் பக்கத்து ஓட்டத்தை வளைச்சுக் கடற்பக்கம் கொண்டு வந்தா, போற ஓட்டமும் வாற ஓட்டமும் தொண்ணூறு மீற்றர் இடைவெளியில ஓடும். கடற்பக்கம் இருந்து பாக்கிறவர் அதே காரை ஒரு சுற்றில ரெண்டு தரம் காண்பார். நீளம் அதே மூன்று புள்ளி மூன்று.”

சேர்மன் கண்ணாடியைக் கழற்றினார். “ஒரே கதிரைக்கு ரெண்டு தரமா?”

“ஓம், சேர்.”

“முந்தி ஏன் ஒருத்தரும் இதச் சொல்லேல்ல?”

தோமஸ் ஒருத்தரும் இல்லாத பக்கமாகத் திரும்பிக் கண்டிப்போடு பார்த்தார். சேர்மன் வரைபடத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார், நேராகத் திருப்பிப் பார்த்தார், முகம் சற்றுக் கறுத்தது.

“இது பிறை மாதிரியெல்லோ இருக்கு. முஸ்லிம் ஆக்களுக்கு எதிரா ஊர்வலம் போற இந்த நேரத்தில இதப் பதாகையில போட்டா ஆக்கள் என்ன நினைப்பாங்க?”

நீரும் மணலும் சாய்வும் விநாடியும் தாண்டி வந்த வழி, கடைசியில் வானத்திலிருக்கிற ஒரு பொருளில் இடறி விழப்போகிறது. எதிர்பாராத இடத்திலிருந்து உதவி வந்தது.

“பிறை இல்ல, சேர்,” என்றார் தோமஸ், சிரிப்பு மாறாமல். “கஜு. புத்தளம் கஜு.”

சேர்மன் மறுபடி பார்த்தார். கஜுதான், முந்திரிப் பருப்பேதான். வளைவும் கஜு, தடிப்பும் கஜு. “உள்ளூர் உற்பத்திக்கு ஊக்கம்,” என்று அவர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். அது நன்றாக ஒலித்தது. இலச்சினை மாறும், முட்டை ரீசேட்டுகள் கல் சுமக்கிறவர்களுக்குப் போகும் என்று தீர்மானமாகியது.

லோஜினி வரைபடத்தைச் சுருட்டவில்லை. “ஏழாவது விஷயம் இருக்கு, சேர்.”

“அதென்ன?”

தோமஸ் தாளைப் பார்த்தார். பிறகு புதிய வரைபடத்தைப் பார்த்தார். ஓடுபாதையின் வளைவுக்குள் விரலை வைத்து ஒரு முனையிலிருந்து மற்ற முனை வரை தேடினார். “தேவையில்ல, சேர். ஓடுபாதைக்கு உள்ளுக்கு ஒருத்தரும் இல்ல.”

கம்பனி அந்த வசனத்தை ஆறு மாதமாகச் சொல்லி வந்தது. அன்றுதான் அது முதன்முதலாக உண்மையாகியது. சேர்மன் ஏழாவது விஷயத்தைப் பேனையால் குறுக்கே வெட்டிக் கையெழுத்து வைத்தார். லோஜினி அந்தக் கோடு தாளின் இரண்டு ஓரத்தையும் தொடுகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டே உட்கார்ந்தாள்.

கூட்ட அறிக்கையில் ‘பார்வையாளர் வசதியையும் உள்ளூர் கஜுச் செய்கையாளரையும் கருத்தில் கொண்டு’ என்று எழுதினார்கள். பூவரசங்குடா என்ற பெயர் அதில் எங்கும் வரவில்லை. சபூராவிடம் லோஜினி வரைபடத்தின் பிரதி ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் முதலில் தேடியது தன் ஊரை அல்ல, கோட்டை. விரலை வைத்து ஒரு சுற்றுச் சுற்றினார். “எங்க இடிக்குது?” என்று கேட்டார்.

எங்கும் இடிக்கவில்லை. ஓடுபாதை பூவரசங்குடாவைச் சுற்றவில்லை; கடலுக்கும் பள்ளிவாசலின் பின்மதிலுக்கும் நடுவே, ஊருக்கு மேற்கில், போயும் வந்தும் வளைகிறது. அதன் நீளம் மூன்று புள்ளி மூன்று கிலோமீற்றர், முன்னைய அளவேதான். சுரங்கமும் பாலமும் இல்லை. ஐம்பத்தேழு வீட்டிலிருந்து பெரிய வீதிக்குப் போகும் எழுநூறு மீற்றர் மண்பாதை ஓடுபாதையை ஓரிடத்திலும் வெட்டவில்லை. ஆகவே பந்தய நாட்களிலும் அந்தப் பாதையை மூடத் தேவையில்லை.